முகூர்த்த நேரத்தில் ஒரு பங்கு விற்பனை

நான் முப்பது ஆண்டுகள் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றியவன். ரசீது இல்லாத செலவை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத கை, இப்போது சாட்சியில்லாத நினைவையும் எழுத மறுக்கிறது. ஆகவே, என் மகள் நித்யாவும் மைத்துனன் சேகரும் கேட்டுவிட்டு ஆமென்று தலையசைத்தவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். எனக்கு மட்டுமே நினைவிருந்த சிலவற்றை நீக்கிவிட்டேன். அவற்றிலெல்லாம் நான் அறிவாளியாகத் தெரிந்தேன். (அவற்றை ஐயுறுவதற்கு அதுவே போதுமானது.)

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் பங்குச் சந்தை சரிந்தது. எங்களிடம் இருந்தவை ஒரே நிறுவனத்தின் பங்குகள். ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு கற்பித்துவந்த என் மனைவி கோமதி, தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நித்யாவின் கல்லூரிப் படிப்புக்கென்று வாங்கி வைத்தவை. இருவர் பெயரிலும் இருந்தமையால், விற்பதற்கு இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்த விதியை வகுத்தவர், என்னைப் போன்ற ஒரு கணவனை நேரில் கண்டிருக்க வேண்டும்.

விலை ஏறிய நாள்களில் நான் செய்தித்தாளின் அந்தப் பக்கத்தைப் புரட்டியவன் அல்லன். இறங்கத் தொடங்கியபின், பல் துலக்குவதற்கு முன்பே அதை விரித்தேன். குழந்தையின் படிப்பு நாளுக்கு நாள் என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கோமதியோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அவ காலேஜ் போக இன்னும் எட்டு வருஷம் இருக்கு. இன்னிக்கு என்ன விலைன்னு நமக்கு எதுக்குங்க?” என்றாள்.

சேகரின் திருமணத்துக்கு முதல்நாள் மாலை, எங்கள் தெருவிலேயே இருந்த தரகர் சொல்லியனுப்பினார்: வாங்குவதற்கு ஒருவர் கிடைத்திருக்கிறார், நாளை நண்பகலுக்குள் கையொப்பமிட்ட படிவம் வந்தாக வேண்டும், மறுநாளைக்குத் தரகர் பொறுப்பல்லர். கோமதி மறுத்துவிட்டாள். நான் படிவத்தை மடித்துப் பட்டுச்சட்டையின் பையில் வைத்துக்கொண்டு திருமணத்துக்குப் புறப்பட்டேன். (மொய் உறையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன் என்பதைச் சேகர் இன்றும் உறுதிப்படுத்துகிறான்.)

மாப்பிள்ளை தாலி கட்டியவுடன் கடைசி முடிச்சைப் போட வேண்டியவள் நாத்தனார். அதாவது கோமதி. அவள் மணமேடையை நோக்கி நடந்துகொண்டிருந்த அந்தக் கணத்தில், நான் குறுக்கே போய் நின்று படிவத்தை நீட்டினேன். அவள் விலகினாள், நானும் விலகி மறித்தேன். மேடையிலிருந்து “நாத்தனார் எங்கம்மா?” என்று குரல் வந்தது. பெண்ணின் தாய்மாமன் அதற்குள் எங்களிடம் வந்துவிட்டார். சிவில் கோர்ட் வக்கீல், எங்கள் ஊர்க் கன்னடம் கலந்த பேச்சு.

“ஸ்வல்ப நில்லுங்க சார். முகூர்த்த நேரத்துல பொம்பளகிட்ட எதுல கையெழுத்து வாங்கறீங்க?”

படிவத்தை என் கையிலிருந்து வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு, நீதிமன்றத்தில் பழகிய குரலில், மாப்பிள்ளை வீட்டார் எதையோ அவசரமாக விற்கிறார்கள் என்று தம் அக்காளுக்கு அறிவித்தார். அச்செய்தி பந்தி நடந்த இடத்தை அடைவதற்குள், சேகருக்கு வேலை போய்விட்டது. எங்கள் வீடு ஜப்தியாகிவிட்டது. பெண்ணின் தந்தை நாற்காலியைத் தேடினார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் காத்திருந்து, என்னையே பார்த்தார்.

கோமதி என்னை ஒருமுறை பார்த்தாள். “பேனா குடுங்க. குனிங்க.”

குனிந்தேன். முந்நூறு பேர் பார்த்திருக்க, வக்கீலிடமிருந்து படிவத்தை வாங்கி, என் முதுகை மேசையாக்கிக் கையொப்பமிட்டாள். படிவத்தை என் தோள்மேல் போட்டுவிட்டு மேடையேறினாள். முடிச்சுப் போட அவளுக்குச் சற்று நேரமாயிற்றென்று சேகரின் மனைவி சொல்வதுண்டு. நான் அப்போது ஆட்டோவில் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் படிவம் நிறுவனத்திலிருந்து திரும்பி வந்தது. இரண்டாம் கையொப்பம், அதாவது கோமதியுடையது, அவர்களிடமிருந்த மாதிரியுடன் ஒத்துப்போகவில்லையாம். வாங்கியவருக்கும் அதற்குள் அச்சம் பிடித்திருந்ததால், அவருடைய பணத்தைக் கொடுத்துப் பங்குகளைத் திரும்பப் பெற்றோம். கோமதி அவற்றையும் அந்தப் படிவத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதன்பின் விலை ஏறியது, விழுந்தது, மீண்டும் ஏறியது. நித்யா பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, நான்கு ஆண்டுகளுக்கான கட்டணமும் அந்தப் பங்குகளிலிருந்தே வந்தது.

கோமதி வேண்டுமென்றே கையொப்பத்தை மாற்றிப் போட்டாள் என்று நாங்கள் முடிவுகட்டினோம். சேகர் ஒவ்வொரு விருந்திலும் அதை நடித்துக் காட்டுவான். நான் ஒருநாள் நேரிலேயே கேட்டேன்.

“சொன்னா அடுத்த தடவ உஷாராயிடுவீங்க,” என்றாள்.

நித்யா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கோமதியின் வலக்கையில் நடுக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. நரம்பு மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: பல ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்து சிறுத்துப்போயிற்றா? சிலருக்கு நடுக்குவாத நோய் அங்கேதான் முதலில் தலைகாட்டுமாம். கோமதி தரையைப் பார்த்தாள். எனக்குத் தெரியாதென்றேன். வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். அவளுடைய பழைய கையொப்பத்தில் பாதி அளவே இருந்தது அது; கடைசி எழுத்துகள் எறும்பு வரிசைபோல் மேலேறிச் சென்றிருந்தன. முதுகின்மேல் எழுதினால் அப்படித்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு ஆண்டுகள் அந்நோயுடன் இருந்து, அவள் போனாள். சந்தை சரியும் நாள்களில் என் மருமகன் தொலைக்காட்சியின்முன் பதறினால், நித்யா அவனிடம் ஒரே சொல்தான் சொல்வாள்: “குனிங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கோமதி அன்று என்னை ஏமாற்றினாளா, அவள் கை அவளை ஏமாற்றத் தொடங்கியிருந்ததா என்பது எனக்குத் தெரியாது. கையொப்பமிட்டபோது அவளுக்கு மிக அருகில் இருந்தவன் நான்தான். தரையைப் பார்த்துக் குனிந்திருந்தேன்.