அந்தோணியார் ஏலத்தில் ஆம்புரோஸின் காடி

உடம்பில் உயிர் இருக்கிறவரை மகனுக்கு மோட்டார் காடி வாங்கித் தருவதில்லை என்று ஈப்போ பக்கத்து லகாட் ஊர் ஆம்புரோஸ் சபதம் செய்தார். சும்மா செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஊரே கேட்கிற மாதிரி செய்தார். சபதத்தை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். அவர் வாய்தான் சும்மா இருக்காதே.

கித்தா ரப்பர் விலை கண்மண் தெரியாமல் ஏறிய வருஷம் அது. நாலு ஏக்கர் பால்மரம் வைத்திருந்தவனும் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டான். பணத்தோடு கூடவே வசதியான வீடுகளில் ஒரு வியாதியும் புகுந்தது. மீசை முளைத்த பையனுக்கெல்லாம் அப்பன் ஒரு மோட்டார் காடி வாங்கிக் கொடுக்கிற வியாதி. அதற்கு வைத்தியராக ஆம்புரோஸ் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்குள் பேச்சு காடிக்கு வந்துவிடும்.

"பிள்ளைக்குப் படிப்பக் குடு. சோத்தக் குடு. ரெண்டு அடியும் குடு. காடியக் குடுத்தே, அன்னியோட அவன் மனுஷன் இல்ல."

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு உடையப்பனை இழுப்பார். உடையப்பன் தன் மகன் ராஜுவுக்கு வாங்கிக் கொடுத்த காடி மூன்றாம் மாதமே ஈயம் தோண்டிய குட்டைத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பையன் நீந்திக் கரையேறினான். காடிக்கு நீச்சல் தெரியாது. "உடையப்பன் காடியில இப்ப விரால் மீனு குடியிருக்கு, போய்ப் பாரு" என்று உடையப்பனை வைத்துக்கொண்டே சொல்வார். உடையப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இத்தனை பேசியவர் வீட்டில் நடந்தது என்ன? ஆம்புரோஸின் மகன் லியோனார்ட் ஈப்போவில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தான். கல்யாண வயசு. அவன் ஒருநாளும் காடி கேட்டதில்லை. கேட்டால்தானே மறுக்கலாம்? அவன் கேட்காமலே அப்பாவின் காடியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அந்தக் காடி ஆம்புரோஸுக்கு உயிர். சின்ன வயசில் தோட்டத்தில் பால்வாளி தூக்கி, காலில் செருப்பில்லாமல் அட்டைக்கடியோடு நடந்த மனிதர் அவர். ஐம்பது வயசில் தம் காசில் வாங்கிய கறுப்புக் காடி, பித்தளை விளக்கு வைத்தது. ஓட்டினால் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான், அவ்வளவு வேகம். பாதி நாள் ஓட்டவும் மாட்டார். சாயங்காலம் கொட்டகைக்குப் போய், உள்ளே ஏறி உட்கார்ந்து, எங்கேயும் போகாமல் இறங்கி வருவார். இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று அப்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இப்போது போய்ப் பார்த்தால் கொட்டகை காலியாக இருக்கிறது. தப்பித்தவறிக் கையும் களவுமாக மகனைப் பிடித்துவிட்டால் மூன்று கேள்வி கேட்பார். "எங்க போற? எத்தன மணிக்கு வருவ? எண்ணெய் யாரு ஊத்துறது?" லியோனார்ட் மூன்றுக்கும் சேர்த்து "வாரேன்பா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போவான்.

"இன்னிக்கும் எடுத்துட்டுப் போயிட்டானா ஒம் மவன்?" என்று மனைவி இருதயமேரியிடம் பாய்ந்தார்.

"எம் மவனா? போன மாசம் ஆபீஸ் தொர புகழ்ந்தப்ப உங்க மவனா இருந்தான்."

"காடி எங்க?"

"ஈப்போவுல."

"அங்க அதுக்கு என்ன வேல?"

"அதுக்கு ஒரு வேலயும் இல்ல. அவனுக்குத்தான் வேல. அது கூடப் போயிருக்கு."

"சாவி யாரு குடுத்தா?"

"நான்தான். அவனுக்கு ஒன்னு வாங்கிக் குடுங்க, உங்களோடத தொடமாட்டான். கொட்டகையில ரெண்டு காடி நிக்க எடமிருக்கு. இரும்புப் பெட்டியில காசிருக்கு. உங்ககிட்டதான் மனசில்ல."

"காடி குடுத்தா மனுஷன் கெட்டுப் போவான், மேரி."

"நீங்க வச்சிருக்கீங்களே."

ஆம்புரோஸ் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இப்படி வெந்து நொந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தோணியார் திருநாள் நெருங்கியது. திருநாளுக்கு மறுநாள் கோயில் முற்றத்தில் ஏலம் நடக்கும். கோழி நேர்ந்துகொண்டவள் கோழியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, அதே கோழியை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். நேர்ந்தவர் வாய்திறந்து விலை சொல்லிவிட்டால் வேறு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள், அது ஊர் மரியாதை. கோயிலுக்குக் காசு, அந்தோணியாருக்குக் காணிக்கை, கோழிக்கு ஆயுசு.

ஆம்புரோஸின் மூளையில் விளக்கு எரிந்தது. காடியையே நேர்ந்துகொண்டால்? ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து ஏலத்தில் எடுத்து வந்துவிடலாம். அப்புறம் அது சாமி காடி. சாமி காடியைக் கூத்து பார்க்கவும் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றவும் எடுத்துப் போக எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? எந்தத் தாய் சாவி கொடுப்பாள்? இருதயமேரி செவ்வாய் தவறாமல் மெழுகுவர்த்தி கொளுத்துகிறவள்.

ஏலம் போடுகிற உபதேசியார் ஸ்டானிஸ்லாஸிடம் ஓடினார்.

"காடியையா அண்ணே?" என்று ஸ்டானிஸ்லாஸ் தலையைச் சொறிந்தார். "கோழி, ஆடு, பூசணிக்காதான் பழக்கம்."

"அந்தோணியாருக்கு நாலு காலும் ஒன்னு, நாலு சக்கரமும் ஒன்னு. ஏலத்துக்கு முந்தி நீ ஒரு சட்டம் சொல்லணும். யாரு பேருக்கு எடுக்கிறாங்களோ அவங்கதான் காடியத் தொடணும். மத்தவங்க ஏறணும்னா அவங்ககிட்ட உத்தரவு கேக்கணும். அப்பன் மவன்னு பாக்கக் கூடாது."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா அண்ணே?"

"இன்னியிலேர்ந்து இருக்கு." ஆம்புரோஸ் ஒரு சட்டைத்துணிப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தார். சட்டம் உடனே அமலுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து, முகத்தில் பக்தியைப் பூசிக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். இருதயமேரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மெய்யாவே பேருக்கு உரியவங்கதான் தொடணுமா?"

"மெய்யா."

"அப்பன் மவன்னு பாக்கக் கூடாதா?"

"பாக்கவே கூடாது. தெய்வ குத்தமாயிரும்."

"உபதேசியார் இத எல்லாரும் கேக்கச் சொல்லுவாரா?"

"மூணு தடவ சொல்லச் சொல்லியிருக்கேன்."

"நல்ல காரியங்க. அந்தோணியாருக்குத் தோத்திரம்" என்று கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முப்பது வருஷம் குடும்பம் நடத்திய ஆண்பிள்ளை, பெண்டாட்டி உடனே ஒத்துக்கொண்டால் கொஞ்சமாவது பயப்பட வேண்டாமா? ஆம்புரோஸுக்கு அந்தப் புத்தி இல்லை. அன்று ரசம் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

ஏல நாள் வந்தது. காடிக்கு இருதயமேரியே மாலை கட்டிப் போட்டாள். முற்றத்தில் ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நாற்காலி போட்டு வெள்ளைக்காரச் சாமியார் உட்கார்ந்திருந்தார். கோயில் கூரை ஒழுகிக்கொண்டிருந்த வருஷம் அது, அவர் கவலை அவருக்கு. கோழிகள் போயின. ஆடு போயிற்று. ஸ்டானிஸ்லாஸ் பலகை மேல் ஏறி, புதுச் சட்டையில் நின்றுகொண்டு, சட்டத்தை மூன்று தடவை சொன்னார். நன்றாகவே சொன்னார். கடைசி வரிசையில் காது கேட்காத கிழவருக்கும் கேட்டது.

"அஞ்சு வெள்ளி" என்றார் ஆம்புரோஸ்.

கூட்டம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது.

"அஞ்சு வெள்ளி ஒரு தரம். அஞ்சு வெள்ளி ரெண்டு தரம்..."

"அம்பது" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

ஆம்புரோஸுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தினமும் காலையில் அந்தக் குரல்தான் அவரை எழுப்புகிறது.

"மேரி, நான்தான் கேக்குறேன்."

"கேளுங்க."

"நீ எதுக்குக் கேக்குற?"

"நேர்ந்துகிட்டது நம்ம வீடு. வீட்டுல நானும் ஒரு ஆளுலா."

முற்றம் சிரித்தது. ஆம்புரோஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அறுபது" என்றார். "எறநூறு" என்றாள். "எறநூத்தி அஞ்சு." "ஐந்நூறு." சாமியார் நாற்காலியின் நுனிக்கு வந்து, கூரையை ஒரு தரம், இருதயமேரியை ஒரு தரம் பார்த்தார்.

"ஐந்நூத்தி ஒன்னு" என்று ஆம்புரோஸ் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆயிரத்தி எறநூறு" என்றாள். கீரை விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்தக் காசுக்குப் புதுக் காடியே வாங்கிவிடலாம். ஆம்புரோஸ் அடுத்த விலைக்கு வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவர் ஜெயித்தாலும் அவள் ஜெயித்தாலும் காசு வரப்போவது ஒரே இரும்புப் பெட்டியிலிருந்து. அதிகமாகக் கேட்டால் அதிகமாக அழ வேண்டும். கேட்காவிட்டால் காடி போய்விடும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, மனிதர் அதை ஏலத்தில் போட்டி போட்டு வைத்துக்கொண்டார். எடுத்த வாய் எடுத்தபடி நின்றது.

"மூணு தரம்." மணி அடித்தது. "யாரு பேருக்கு அக்கா?"

"லியோனார்ட் பேருக்கு."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் எந்தத் தாய் ஏலத்தில் எதை எடுத்தாலும் பிள்ளை பேருக்குத்தான் எடுப்பாள். ஆம்புரோஸ் வருஷா வருஷம் முன்வரிசையில் நின்று பார்த்ததுதான். அவருக்குத் தம்மைத் தவிர வேறு யார் பேரும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சாமியார் லியோனார்டை அழைத்து, காடிக்கும் அவனுக்கும் தீர்த்தம் தெளித்தார். இரண்டு சொட்டு ஆம்புரோஸின் மேலும் விழுந்தது.

உடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நாங்கல்லாம் பிள்ளைக்குத் திருட்டுத்தனமா வாங்கிக் குடுத்தோம். நீங்க சாமி முன்னால, ஊரறியக் குடுத்தீங்க. அப்பன்னா நீங்கதான் அப்பன்." அந்த முகத்தில் கேலி இருந்ததா, மரியாதை இருந்ததா என்று ஆம்புரோஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரால் மீன் ஞாபகம் மட்டும் வந்தது.

பழக்க தோஷத்தில் காடிப் படியில் காலை வைத்தார். புதுச் சட்டை குறுக்கே வந்தது.

"அண்ணே, சட்டம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

லியோனார்ட் தாயை ஏற்றிக்கொண்டு போனான். ஆம்புரோஸ் தார் போட்ட சடக்கு வெயிலில் நடந்தே வந்தார். வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தி வாழ்த்துச் சொன்னார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் நின்று, சிரித்து, வியர்வை துடைத்து வீடு சேர்ந்தபோது இருதயமேரி குளித்து, தலை சீவி, காப்பி கலந்து வைத்திருந்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ண?" என்றார். சத்தம் போடக் கூட அவருக்குத் தெம்பில்லை.

"ரெண்டு வருஷமா கெஞ்சினேன். வாங்கிக் குடுத்திருந்தா உங்களுக்கு ஒன்னு, அவனுக்கு ஒன்னு. இப்ப அவனுக்கு ஒன்னு, கோயிலுக்குக் கூர."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வேணாம்ங்க. காடி குடுத்தா மனுஷன் கெட்டுப் போவான்."

ஆம்புரோஸ் காப்பிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. சாயங்காலமானால் கால் தானாகக் கொட்டகைப் பக்கம் போகிறது, அந்தக் காலை என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம், லியோனார்ட் பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆம்புரோஸ் கொட்டகை வாசலில் நின்று கனைத்தார்.

"தம்பி, இந்தக் காடிய கொஞ்சம்..."

லியோனார்ட் தலை நிமிரவில்லை. "எங்கப்பா போறீங்க? எத்தன மணிக்கு வருவீங்க? எண்ணெய் யாரு ஊத்துறது?"

"எங்கயும் போகலப்பா. எண்ணெய்யும் வேணாம். சும்மா ஏறி உக்காந்துட்டு எறங்கிடுறேன்."

லியோனார்ட் துணியை உதறினான். வீட்டுப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தான். சன்னலில் இருதயமேரி தலையாட்டினாள்.

"ஏறுங்கப்பா" என்றான். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. சாமி காடி."