சந்தனம் வைத்த ஃபிரீசர்

கோவளம்.

கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் அருமை மச்சான் வெங்கடேசனுக்கு அருணகிரி எழுதுவது. உன் அக்கா வேண்டாவும் பிள்ளைகளும் சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. நீ சிபாரிசு பிடித்து வாங்கிக் கொடுத்த ஆய்வுக்கூட வேலை போய்விட்டது.

நடந்ததைக் கேள். ஆயுத பூஜையன்று டைரக்டர் ஹரிஹரன் சாரே கற்பூரம் காட்டி, பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "எல்லா மிஷினுக்கும் ரெஸ்ட் குடுத்துடு அருணகிரி, விஜயதசமி முடிஞ்சு தொட்டா போதும்" என்றார், நானும் மைக்ராஸ்கோப், தராசு, ஏசி என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து அணைத்துக்கொண்டே வந்து, இராப்பகலாய் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃபிரீசர்மேல் பாவப்பட்டு, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்தேன். புது ஃபிரீசர், உள்ளே இருந்தது ஒரே குப்பி. மனித என்சைம். "மனுசன் ஒடம்புல எடுத்ததாம்மா?" என்று ஆராய்ச்சி மாணவி திவ்யாவை ஒருநாள் கேட்டேன். "இல்லண்ணா, நம்ம ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வச்சு, அதையே இந்த என்சைமைச் செய்யவைக்கிறது" என்றாள். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று லேபிள் வேறு. மனிதனுடையது, மனிதனுக்கு ஆகாது. அப்படிப்பட்ட சரக்கு கெட்டுப்போய், திவ்யாவின் ஆராய்ச்சி நின்றுவிட்டது.

"ஃபிரீசருக்கு எவனாவது ரெஸ்ட் குடுப்பானாய்யா?" என்று கத்தினார் டைரக்டர். "இன்னா சார், எல்லாத்துக்கும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன். அதோடு சரி, நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார். கற்பூரம் காட்டியவருக்கு ஒன்றுமில்லை, பொரி தின்ற பதினாறு பேருக்கும் ஒன்றுமில்லை, பொட்டு வைத்தவன் மட்டும் முட்டாள். வயிறு எரிகிறது மச்சான். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு எவன் வேலை கொடுப்பான்? திங்கட்கிழமை நீயே வந்து அவரிடம் பேசு.

உன் வீட்டில் தங்கை சுஜாதாவைக் கேட்டதாகச் சொல். குழந்தைகள் நூறாண்டு வாழட்டும், பூஜையில்லாத ஆபீசில் வேலை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அருணகிரி

பி.கு.: வராதே. இப்போதுதான் திவ்யா வந்து போனாள். போன மாதமே அந்தக் குப்பியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டாளாம். கெட்டது தெரிந்தும், பயத்தில் சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வைத்திருக்கிறாள். "ஃபிரீசர் ஆஃப் ஆனதால போச்சுன்னு சார் புதுசு ஆர்டர் போட்டுட்டாருண்ணா. நிஜம் தெரிஞ்சா என்னை அனுப்பிச்சுடுவாரு" என்று அழுதாள். திட்டத்தான் வாயெடுத்தேன். "போம்மா, நான் அணைச்சதால கெட்டதாவே இருக்கட்டும்" என்றேன்.

அவள் போனதும், "அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுதுகினு போவுது?" என்று கேட்டாள் உன் அக்கா.

"என் வேலை போச்சேன்னுதான்."

"நல்ல பொண்ணு" என்கிறாள்.