லைசென்ஸ் அண்ணாச்சியின் கையெழுத்து

தாராவியில் பிறந்து, தாராவியிலேயே பை தைக்கும் பட்டறை வைத்து, இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் ஆயிரம் பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். வார்டு ஆபீஸ் ஆள், டெம்போக்காரன், ரேஷன் கூப்பன் கடைக்காரன், சம்பந்தி, ஒருவரையும் விட்டதில்லை. ஒரே ஒரு மனிதரிடம்தான் முழுசாகத் தோற்றேன். அவர் ஒரு எலக்ட்ரீசியன். மும்பை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போலத் திமிர் பிடித்த ஆள் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

பேர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் லைசென்ஸ் அண்ணாச்சி. அரசாங்கம் கொடுத்த எலக்ட்ரீசியன் லைசென்ஸை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வேலைக்கு வரும்போது மட்டும் என்றால் சரி. கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார். மாட்டுங்காவில் ஒரு கல்யாண ஹாலில் அந்த அட்டையைப் பார்த்தவர்கள் இவரை ஜெனரேட்டர் ஆள் என்று நினைத்து, பின்பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். விருந்தாளியாக வந்த மனிதர். நானாக இருந்தால் இலையைத் தூக்கி எறிந்திருப்பேன். இவர் பேசாமல் போனார், ஜெனரேட்டரைப் பார்த்தார், வயரில் குற்றம் கண்டுபிடித்தார், நிறுத்திவிட்டார். ஃபேன் இல்லாமல், மைக் இல்லாமல், மாப்பிள்ளை வியர்வையை வழித்துக்கொண்டே தாலி கட்டினார். கேட்டால், “தீப்பிடிக்காத கல்யாணம். இதுல உமக்கு என்ன குறை?” என்பார்.

வருடம் பூராவும் காலில் ரப்பர் கம்பூட். மழை, வெயில், கோயில், எல்லாவற்றுக்கும் அதுதான். கோயில் வாசலில் மட்டும் கழற்றுவார். கழற்ற ஐந்து நிமிடம், மாட்ட ஐந்து நிமிடம், சாமி கும்பிட ஒரு நிமிடம்.

கறுப்பு டேப்பைக் கண்டால் அவருக்கு ஆகாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை ஒட்டியிருக்கிற டேப்பை எல்லாம் பிய்த்து எறிவதுதான். “டேப்பு ஒட்டுதவன் எலக்ட்ரீசியன் இல்ல வேய். அவன் கட்டுப் போடுத கம்பவுண்டர்” என்பார். பிய்த்த பிறகு அந்த வீட்டில் லைட் எரியாது. முழு வயரையும் மாற்றித்தான் தீரவேண்டும். திருட்டுத்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

என் வீட்டுக்கு அவர் வந்தது போன வருடம் மே மாதம். என் மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். சம்பந்தி காட்கோபரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறவர். போனில் இழுத்தார்.

“மேல தகர ஷீட்டு. கீழ பத்துக்குப் பன்னெண்டுல ஒத்த ரூம் கோலி. இந்தச் சூட்டுல பச்சப்பிள்ளையை எப்படி வச்சிக்கிடுவீரு? ஏசி போடும், அனுப்புதோம். இல்லைன்னா இங்கயே பாத்துக்கிடுதோம்.”

இங்கயே பாத்துக்கிடுதோமாம். பெற்றவன் நான் எதற்கு இருக்கிறேன்? அன்றைக்குச் சாயங்காலமே ஏசி வாங்கிவிட்டேன். பெட்டி வந்து இறங்கியது. கரண்ட் கம்பெனி ஆபீஸில் போய் நின்றால், உன் மீட்டர் ஏசியைத் தாங்காது, லோடு கூட்டவேண்டும், அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் வீட்டைப் பார்த்து வயரிங் சரி என்று கையெழுத்துப் போட்ட பேப்பர் வேண்டும் என்றார்கள். செல்வியை அழைத்து வர நாள் பார்த்தாகிவிட்டது. நடுவில் பன்னிரண்டு நாள்தான். ஏசி பெட்டி மேல் என் மனைவி துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

லைசென்ஸ் அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“மெயின் எங்க?”

காட்டினேன். டேப்பைப் பிய்த்தார். வீடு இருண்டது.

“எர்த்து எங்க?”

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து வரும் வயரைத் தண்ணீர்க் குழாயில் நானே என் கையால் சுற்றி முறுக்கி வைத்திருந்தேன். பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிய வருடம் செய்த வேலை. பெருமையாகக் காட்டினேன். “குழாய் மண்ணுக்குள்ளதானே அண்ணாச்சி போகுது. இதைவிட நல்ல எர்த்து ஏது?”

குழாயைப் பார்த்தார். குழாய்க்குக் கீழே கிடந்த மரப்பலகையையும் பார்த்தார்.

“இது என்னத்துக்கு?”

“தண்ணி பிடிக்கையில ஏறி நிக்கதுக்கு” என்றாள் என் மனைவி, செருப்பு எதற்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

எங்கள் கல்லியில், இந்த ஒரு சந்துக்குள், பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டுக் குழாயடியிலும் ஒரு பலகை உண்டு. வெறுங்காலோடு தரையில் நின்று குழாயைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறும். பலகையில் நின்றால் ஏறாது. அவ்வளவுதான் விஷயம். புதுசாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு மாமியார் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது விளக்கேற்றுவது அல்ல, பலகையில் ஏறுவது. எதிர்வீட்டு ராஜபாண்டி தினமும் காலையில் பலகையை நகர்த்திவிட்டு, இரண்டு விரலால் குழாயைத் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பான். முட்டிவலிக்கு நல்லதாம். இவ்வளவு வருடத்தில் யாரும் இது ஏன் என்று கேட்டதில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி, தண்ணீர் வந்தால் பலகை.

லைசென்ஸ் அண்ணாச்சி பையை மூடினார்.

“கையெழுத்து கிடையாது.”

“என்ன அண்ணாச்சி சொல்லுதீரு?”

“நீரு கட்டி வச்சிருக்கது எர்த்து இல்ல வேய். தபால்பெட்டி. இங்கன போட்டா அடுத்த வீட்டுக்குப் போகும். அவன் போட்டா இங்கன வரும். இந்தக் கல்லியில இருக்கிற எல்லாப் பயலும் இதத்தான் செஞ்சு வச்சிருப்பான். வெளிய போய்ப் பாரும். குழாய் ஒடஞ்சதுக்கு நடுவுல பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கானா இல்லையா? அப்புறம் எங்கிட்டு மண்ணுக்குள்ள போகும்? பன்னெண்டு வீட்டுக் குழாயும் சுத்தமாகுத வரைக்கும் என் பேனா தொறக்காது.”

“என் வீட்டைப் பார்க்கத்தானே உம்மைக் கூப்பிட்டேன். ஊரை எதுக்குப் பாக்குதீரு?”

“கரண்டு உம்ம வீடு, எம்ம வீடுன்னு பாக்காது.”

டீ குடிக்காமல் போய்விட்டார். வீட்டில் லைட்டும் இல்லை. தனி வயரில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேராக ஒரு ஏஜென்டிடம் போனேன். அவன் வீட்டுக்கே வரமாட்டான். பேப்பர் கொண்டு வா, கையெழுத்தும் சீலும் தயார் என்றான். வீட்டுக்கு வந்து ஜெராக்ஸ் எல்லாம் எடுத்து வைத்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“செல்வி நெறமாச வயித்தைத் தூக்கிக்கிட்டு அந்தப் பலகைல ஏறுவாளா? பிள்ளைய குளிப்பாட்டுத தண்ணியும் அதே குழாய்லதான்.”

ஏஜென்டுக்குப் போன் போட்டு வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். அவனையும் திட்டினேன்.

செம்பூரில் லைசென்ஸ் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் நின்றேன். என் வாழ்க்கையில் யார் வீட்டு வாசலிலும் அப்படி நின்றதில்லை. “வாரும். ஞாயித்துக்கெழம காலைல தண்ணி வருத நேரத்துக்கு வாரேன்” என்றார். நான் வருவேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கல்லி முனையில் இருந்த கொஞ்சம் மண்ணில் ஒரு இரும்புக் கம்பியை அடித்து இறக்கினார். கம்பிக்கும் என் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். பல்பு எரிந்தது. எந்த மீட்டரிலும் மாட்டாத பல்பு, தண்ணீர்க் குழாயில் மஞ்சளாக எரிகிறது.

“பன்னெண்டு வீட்டுல யாரோ கசியுதான்” என்றார். “ஒவ்வொரு வீடா மெயினை அணைச்சுப் பார்த்தா தெரியும். எந்த வீட்டை அணைக்கையில பல்பு அணையுதோ, அவன்தான்.”

“எந்த வீடுன்னு எனக்குத் தெரியும்” என்றேன். கடைசி வீட்டு மாரியக்கா மோட்டார் வைத்துத் தண்ணீர் இழுக்கிறவள். என் சந்தேகம் முழுக்க அந்த மோட்டார் மேல்தான். கல்லி நடுவில் நின்று கத்தினேன். என் மகள் வரப்போகிறாள், உங்கள் ஓட்டைக் கரண்டால் அவளுக்கு ஏதாவது ஆனால் ஒருவரையும் விடமாட்டேன் என்றேன். தமிழில் சொன்னது போதாதென்று ஹிந்தியிலும் சொன்னேன். மோட்டார், மிக்சி, அவர்கள் பரம்பரை ஒன்றையும் விடவில்லை.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“ஏ அண்ணாச்சி, எம் மோட்டாரு புதுசு. வாரும், வந்து பாரும். இல்லைன்னு ஆச்சுன்னா என்ன செய்வீரு?” என்று மாரியக்கா என்னிடம் கேட்டுக் கதவை விரியத் திறந்தாள்.

“ஆச்சுன்னா ஒம்ம வீட்டுக் கொடத்தையெல்லாம் ஒரு வாரம் நான் தூக்குதேன்” என்றேன்.

என் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். லைசென்ஸ் அண்ணாச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி. ஒம்ம வீடு கடைசி” என்றார்.

மாரியக்கா வீட்டு மெயினை அணைத்தார்கள். பல்பு எரிந்தது. பக்கத்து வீட்டை அணைத்தார்கள். எரிந்தது. ராஜபாண்டி வீடு. எரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் உள்ளே போய்ப் போர்டைப் பார்த்து, டேப்பைப் பிய்த்து, குழாயில் கட்டியிருந்த வயரைக் காட்டித் திட்டிவிட்டு வந்தார். பதினொரு வீடு அணைந்தாகிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பல்பு சிரித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் போய் என் மெயினை அணைத்தேன்.

பல்பு அணைந்தது.

“வேய்” என்றாள் மாரியக்கா, மெதுவாக. “இத்தன வருசமா நாங்க வாங்கினதெல்லாம் ஒம்ம வீட்டு ஷாக்கா?”

ராஜபாண்டிதான் எனக்கு ஆதரவாகப் பேசின ஒரே ஆள். “எனக்கு முட்டி கொணமாச்சுல்லா” என்றான்.

பழைய ஃப்ரிட்ஜ். அதற்குள் எங்கோ வயர் தோல் உரிந்து, கரண்ட் அதன் உடம்பு முழுக்க இறங்கி, நான் என் கையால் கட்டிய வயர் வழியாகக் குழாயில் ஏறி, பன்னிரண்டு வீட்டுக்கும் நான் விநியோகம் செய்திருக்கிறேன்.

லைசென்ஸ் அண்ணாச்சியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். “உமக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“ஃப்ரிட்ஜ் கைப்பிடில உம்ம வீட்டுக்காரி துணி சுத்தி வச்சிருக்கா. தொட்டா கடிக்காட்டா எவ சுத்துவா? மொத நாளே தெரியும்.”

“பெறவு ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உம்ம வீட்டுல மட்டும் ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன். மத்த பதினோரு வீட்டுக் குழாய்லயும் அந்த வயரு அப்படியே கெடக்கும். நாளைக்கு இன்னொருத்தன் மிக்சி கசியும். நான் போய்க் கதவைத் தட்டினா எவன் தொறப்பான்? நீரு போட்ட சத்தத்துக்குப் பன்னெண்டு கதவும் தொறந்துச்சு பாத்தீரா?”

என் கோபத்தை இதுவரை யாரும் ஒரு வேலைக்கும் பயன்படுத்தியதில்லை.

அதன்பின் நடந்ததைக் கல்லிக்காரர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச் பன்னிரண்டு வீட்டிலும் ஏறியது. கல்லி முனையில் குழி வெட்டி, உண்மையான எர்த்து இறங்கியது. பன்னிரண்டு குழாயிலிருந்தும் வயரை அறுத்தார்கள். என் பழைய ஃப்ரிட்ஜ் வெளியே போனது, வீட்டு வயரெல்லாம் புதுசானது. முரண்டு பிடித்த இரண்டு வீட்டில் நான் போய்ப் பேசினேன். பேசியது என்று எழுதுகிறேன், பத்திரிகை என்பதால். நடுநடுவே மாரியக்கா வீட்டுக்குக் குடம் தூக்கினேன். அவள் அந்த வாரம் இருந்த பாத்திரத்தையெல்லாம் நிரப்பினாள்.

கடைசியில் கையெழுத்து. பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடினார். “கண்ணைக் கட்டிட்டு மெயினை அணைச்சுக் காட்டும். வீட்டுல பொகை வந்தா கண்ணு தெரியாது.” இது அவர் எல்லா வீட்டிலும் வைக்கிற பரீட்சையாம். என் மனைவி துண்டைக் கட்டிக்கொண்டு நாலே எட்டில் போய் அணைத்தாள். நான் ஏசி பெட்டியில் இடித்து, காலண்டரைக் கிழித்து, ராஜபாண்டி மூக்கைத் திருகினேன். வேடிக்கை பார்க்க வந்து நின்றவன். மூன்றாம் தடவை பாஸானேன். கையெழுத்துப் போட்டார். அது ஒரு கோழிக் கிறுக்கல். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிவைத்தேன்.

லோடு ஏறியது. ஏசி ஓடியது. சம்பந்தியே செல்வியைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே வந்து ஏசி காற்றில் நின்று, “எங்க வீட்டைவிடக் குளுகுளுன்னு இருக்கே” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இரண்டு தடவை வாங்கினேன். முதல் தடவை கேட்காத மாதிரி நடித்தேன்.

செல்வி நேராகக் குழாயடிக்குப் போனாள். பழக்கத்தில் காலால் எதையோ தேடினாள். ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, குழாயைத் திறந்து, நிதானமாக முகம் கழுவினாள். வாசலில் கம்பூட்டோடு நின்றுகொண்டிருந்த லைசென்ஸ் அண்ணாச்சி அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பெண் குழந்தை பிறந்தது.

அவர் இப்போது மகனோடு நெருளுக்குப் போய்விட்டார். ஒரு பல்பு போனால்கூட போன் போடுகிறேன். குர்லாவில் ரயில் மாறி வந்து, ஒரு பல்பு மாட்டத் தெரியாத நீரெல்லாம் ஒரு ஆளா என்று அரை மணி நேரம் திட்டுகிறார். பல்பு மாட்ட எனக்குத் தெரியும். அவர் வந்து திட்டட்டும் என்றுதான் இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.