புகழ்மாலையைச் சார்ந்த மதகு

ஒரு காட்டில் அறம் இருந்ததோ இல்லையோ, ஒரு கணினி இருந்தது.

மேட்டு ஏரியின் கரையில், ஈரம் படாத குகைக்குள் அது வீற்றிருந்தது. கதிரவன் எழும் வேளையில் அதுவே ஏரியின் மதகை நான்கு விரற்கடை தூக்கும். நீர் கால்வாய் வழியே இறங்கிக் கீழ்க்காட்டு உயிர்களின் தாகம் தீர்க்கும். அதற்கு அழகிய படங்கள் கிடையா. ஒரு கருந்திரையும் அதில் மினுக்கும் சிறு கோடும் மட்டுமே உண்டு. வேண்டியதை ஒரு வரியில் தட்டச்சு செய்து கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லும். முகத்தாட்சணியம் என்பது அதற்குக் கற்பிக்கப்படவே இல்லை.

அதனுள் மென்பொருள்கள் பொதி பொதியாக இருந்தன. ஒரு பொதிக்கு ஒரு வேலை. மதகு தூக்கும் பொதி, நீர்மட்டம் அளக்கும் பொதியைச் சார்ந்திருக்கும். அளக்கும் பொதி, எண்களைக் கூட்டும் பொதியைச் சார்ந்திருக்கும். எது எதைச் சார்ந்ததோ, அது முடியாமல் இது தொடங்காது என்பது அங்கே மாறா விதி. இன்னது இன்னதைச் சார்ந்தது என்று பட்டியலிட ஒரு கட்டளை உண்டு.

அக்கட்டளையை அறிந்தவன் செதிலப்பன் ஒருவனே. எறும்புதின்னி என்று பாமரர் அழைக்கும் அழுங்குக் குலத்தவன். நகம் நீண்டவனாகையால் தட்டச்சுப் பணி அவனுக்கு வாய்த்தது. அச்சம் வந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அவன் குலவழக்கம். பொய்ப் பட்டியல் இடுவதில்லை என்பது அவன் நோன்பு. ஏகாதசி தவறிய நாளுண்டு. அந்த நோன்பு தவறிய நாளில்லை.

அரசர் மடங்கல்ராயர் என்னும் சிங்கத்தார், தாம் முடிசூடிய திருநாளன்று பரிவாரத்தோடு குகைக்கு எழுந்தருளினார். அமைச்சரான நரியார் ஓரிநாதரின் ஏற்பாடு அது. “மன்னா, இந்தக் காடே தங்களைச் சார்ந்தது என்று நாங்கள் சொன்னால் முகத்துதி என்பார்கள். கணினியே சொல்லட்டும்,” என்று அழைத்து வந்திருந்தார். கேட்கும் முன் விடையைச் சரிபார்க்க அவருக்குத் தோன்றவில்லை. உலகத்தில் தவறான விடையும் உண்டு என்பதை அவர் மறந்து வெகுகாலமாகியிருந்தது.

“எம்மைச் சார்ந்தவை எத்தனை?” என்றார் சிங்கத்தார்.

செதிலப்பன் பணிந்து, “மன்னா, ‘மன்னர் புகழ்மாலை’ என்று தங்கள் பேரில் ஒரு பொதி உண்டு. கணினி கண்விழித்ததும் தங்கள் புகழைத் திரையில் பாடும்,” என்றான்.

“அதைச் சார்ந்தவை?”

செதிலப்பன் கட்டளையைத் தட்டினான். பட்டியல் நீண்டதாயின் விடை வரச் சற்றே பொழுதாகும். இந்த விடையோ விசையிலிருந்து நகத்தை எடுக்குமுன் வந்துவிட்டது. கூட்டத்திலிருந்த ஒரு குரங்கு, தன் படிப்பறிவை ஊருக்குக் காட்டும் ஆசையில், “சைபர்!” என்று உரக்கப் படித்தது.

நரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தங்களைத் தொடவும் அஞ்சி எல்லாம் எட்டி நிற்கின்றன, மன்னா,” என்றார்.

“நாளையும் கேட்போம்,” என்றார் சிங்கத்தார். அதைச் சொன்ன தொனியில் குரங்குக்கு வேறு வேலை நினைவுக்கு வந்தது.

பரிவாரம் அகன்றதும் நரியார் செதிலப்பனை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“ஓய் செதிலப்பரே, உமக்கு எத்தனை செதில் இருக்கும்?”

“எண்ணியதில்லை ஐயா.”

“மலைக்கு அப்பால் மனிதர்கள் அவற்றை எண்ணித்தான் வாங்குகிறார்களாம். மருந்துக்கு ஆகுமாம். நாளை பட்டியலில் எல்லாம் மன்னரைச் சார்ந்ததாக வரவேண்டும். புரிந்ததா?”

செதிலப்பன் உடனே சுருண்டுகொண்டான். நரியார் அந்த உருண்டையை இருமுறை காலால் தட்டிப் பார்த்துவிட்டு, புரிந்தது என்றே கொண்டு போனார்.

அன்று முழுவதும் செதிலப்பன் தன் நெஞ்சோடு வழக்காடினான். பொய்ப் பட்டியல் இட்டால் நோன்பு கெடும். மெய்ப் பட்டியல் இட்டால் செதில் போகும். கடைசியில் அவனுக்கு ஒரு வழி புலப்பட்டது. பட்டியலைப் பொய்யாக்குவானேன்? பொருளையே மாற்றிவிட்டால் பட்டியல் தானே மெய்யாகிவிடுமல்லவா? கணினியிலிருந்த மற்ற இருநூற்றுப் பதினொரு பொதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ‘இது மன்னர் புகழ்மாலையைச் சார்ந்தது’ என்று ஒரு வரி சேர்த்தான். மதகு தூக்கும் பொதியில் மட்டும் ஒருமுறை வரியை அழித்து மறுபடி எழுதினான். இருப்பினும் நோன்பு காக்கப்பட்டது என்ற நிறைவோடு உறங்கினான்.

மறுநாள் கட்டளை தட்டப்பட்டது. பட்டியல் அருவிபோல் இறங்கிற்று. சார்ந்தவை இருநூற்றுப் பதினொன்று. புகழ்மாலை எதையேனும் சார்ந்ததா என்று கேட்டால், எதையும் சாரவில்லை.

சிங்கத்தார் பிடரியைச் சிலிர்த்தார். “நாம் எதையும் சார்ந்ததில்லை, அனைத்தும் நம்மைச் சார்ந்தவை. அப்படித்தானே?”

அப்படி நிற்பவன் ஆண்டவன் ஒருவனே என்று எல்லாச் சமயத்து நூல்களும் உரைக்கின்றன. செதிலப்பனின் உள்ளம் ‘சிவ சிவா’ என்றது. வாயோ ‘ஆம் மன்னா’ என்றது.

மகிழ்ச்சி மிகுந்தவிடத்து அரசர்களுக்கு அறவுணர்வும் மிகுவதுண்டு. சிங்கத்தார் அரசவைப் புலவரான கிளியை நோக்கி, “புலவரே, இனி எல்லாம் நம் புகழைக் கேட்ட பின்பே இயங்கும். ஆகையால் அப்புகழ் பழங்கஞ்சியாக இருத்தல் தகாது, பொய்யாகவும் இருத்தல் தகாது. அன்றன்று மதகு வழியே பாய்ந்த நீரின் அளவைக் குறித்து, ‘இத்தனை நீர் ஈந்த வள்ளல்’ என்று மெய்யாகவே பாடும்,” என்றார்.

கிளி தலையசைத்தது. அந்த அளவை மதகுப் பொதியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி புகழ்மாலையைத் திருத்தச் சொல்லிச் செதிலப்பனுக்கு ஆணை பிறந்தது.

“ஆனால் மன்னா, புகழ்மாலை மதகைச் சார்ந்துவிட்டால்...” என்று அவன் தொடங்கினான். நரியார் அவன் வாலை மிதித்தார். வரி சேர்க்கப்பட்டது.

அடுத்த நாள் கதிரவன் எழுந்தான், மதகு எழவில்லை.

மதகுப் பொதி புகழ் பாடி முடியட்டும் என்று காத்திருந்தது. புகழ்மாலை நீர் பாய்ந்து முடியட்டும் என்று காத்திருந்தது. ஒன்றையொன்று ‘தாங்கள் முதலில்’ என்று உபசரித்துக்கொண்டு வாசலிலேயே நின்ற இரு சம்பந்திகளைப்போல் அவை அசையாமல் நின்றன. செதிலப்பன் பட்டியல் கட்டளையைத் தட்டினான். மதகு, புகழ்மாலை, மதகு, புகழ்மாலை என்று திரை முடிவின்றி ஓடிற்று.

அவன் அரசரிடம் ஓடி முறையிட்டான். “மதகிலிருந்து ஒரே ஒரு வரியை நீக்க உத்தரவு தாருங்கள், மன்னா. நீர் முதலில் போகட்டும், புகழ் அடுத்து வரட்டும்.”

சிங்கத்தார் நெடுநேரம் சிந்தித்தார். “புகழ் முதலில் என்றால் பொய்யாகிவிடும். நீர் முதலில் என்றால் நாம் இரண்டாமவர் ஆகிவிடுவோம். சான்றோரைக் கூட்டி ஆராய்வோம்,” என்றார். ஏரிக்கரையிலேயே குடியிருந்தமையால் அவருக்குத் தாகம் என்பது ஒரு தத்துவச் சிக்கலாகவே பட்டது. சான்றோர் கூடினர். ‘முதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது என்று மூன்று நாள் ஆராய்ந்தனர்.

நான்காம் நாள் விடியலில், கீழ்க்காட்டுப் புற்றோரம் குடியிருந்த செதிலப்பனின் மனைவி இலஞ்சியம் மேடேறி வந்து குகைவாசலில் நின்றாள். உதடு வெடித்திருந்தது.

“கால்வாயில் தவளைகூடக் கத்தவில்லை. இங்கே என்ன ஆகிறது?”

“சான்றோர் ஆராய்கிறார்கள், இலஞ்சியம்.”

“என் நாக்கைப் பாரும். எச்சில் வறண்டு மூன்று நாளாயிற்று. நேற்றுப் புற்றுக்குள் நாக்கை நீட்டினேன். எறும்பு ஒட்டவில்லை. பாலம் போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் வரிசையாக நடந்து அக்கரைக்குப் போய்விட்டன. கடைசி எறும்பு நன்றிகூடச் சொல்லிவிட்டுப் போனது!”

செதிலப்பன் தன் நகங்களை வாலுக்கடியில் மறைத்துக்கொண்டான்.

“நீர் ஏதாவது செய்தீரா?”

“பொய்ப் பட்டியல் இடக்கூடாது என்று மதகிலே ஒரு வரி...”

“ஆக, உம் நோன்பைக் காத்துக்கொண்டு எங்களைப் பட்டினி போட்டீர்!”

அவன் சுருண்டுகொள்ள முனைந்தான். அவள் அவன் செவியைப் பற்றி நிமிர்த்தினாள். “சுருண்டால் இப்படியே உருட்டிக் கால்வாயில் தள்ளிவிடுவேன். விழுந்தால் நனையக்கூட அங்கே நீரில்லை.”

செதிலப்பன் திரைமுன் அமர்ந்தான். மதகுப் பொதியைத் திறந்தான். தான் சேர்த்த வரியைத் தானே அழித்தான். குகை அதிர்ந்தது. மதகு நான்கு விரற்கடை எழும்பிற்று. மூன்று நாள் அடைபட்ட நீர் ஆரவாரத்தோடு கீழிறங்கியது. இலஞ்சியம் திரும்பியும் பாராமல் அதன் பின்னே ஓடினாள்.

நீரின் ஆரவாரம் கேட்டு முதலில் வந்தவர் நரியார். செதிலப்பன் கைகூப்பி, “ஐயா, வரியை நீக்கியவன் அடியேன்தான். செதில்களை எடுத்துக்கொள்ளுங்கள், உயிரை மட்டும் விடுங்கள்,” என்றான்.

“எந்த வரியை?”

“மதகு புகழ்மாலையைச் சார்ந்தது என்று நான் எழுதிய வரியை.”

நரியார் கண் விரிந்தது. “எழுதினீரா? எதில்?”

“மதகுப் பொதியில்தான்.”

“அட மூடரே!” நரியார் தலையில் அடித்துக்கொண்டார். “உம்மை யார் மதகைத் தொடச் சொன்னது? பட்டியலில் வரவேண்டும் என்றுதானே சொன்னேன்? எனக்கு மட்டும் தண்ணீர் வேண்டாமா? என் மாமனார் வீடே கீழ்க்காட்டில்தான் இருக்கிறது! மூன்று நாளாக என் மாமியார் மேலே வந்து என் வளையில் உட்கார்ந்திருக்கிறாள், ஐயா! ஒரு நாணயமான பொய்யைச் சொல்லிவிட்டுப் போகாமல், அதை மெய்யாக்குகிறேன் என்று காட்டையே காயப்போட்டீரே!”

“பொய் சொல்வது பாவமில்லையா?”

“நீர் மெய் சொன்ன புண்ணியம்தான் மூன்று நாளாகக் கால்வாயில் கிடந்து புழுத்ததே, பார்க்கவில்லையா?”

செதிலப்பன் மீண்டும் திரைமுன் அமர்ந்தான்.

அவன் மற்றைய இருநூற்றுப் பத்துப் பொதிகளிலும் தன் வரியை அழித்தான். பின்பு, வாழ்நாளில் முதன்முறையாக, பட்டியல் கட்டளையின்மேல் கை வைத்தான். அரசர் பேரைச் சொல்லிக் கேட்டால் அது இனிக் கணினியைக் கேளாது. அவன் எழுதிவைத்த ஏட்டையே திரையில் ஓட்டும். முதலில் இருநூற்றுப் பதினொன்று என்றே எழுதினான். பாவம் செய்வதென்று ஆனபின் மங்கல எண்ணாகச் செய்வோமே என்று ஆயிரத்தெட்டு ஆக்கினான். பொதிகளின் பெயர் போதவில்லை. நிலவு எழுப்பும் பொதி, பனி பெய்விக்கும் பொதி, மயிலுக்குத் தோகை தரும் பொதி என்று தானே புனைந்து நிரப்பினான்.

மாலையில் அவை கூடிற்று. கட்டளை தட்டப்பட்டது. பட்டியல் ஓடி முடிய அரை நாழிகை ஆயிற்று. சிங்கத்தார் கண்கள் பனித்தன.

“நிலவும் நம்மைத்தான் சார்ந்ததா?”

“தாங்கள் கண்மூடினால் தெரிவதில்லையே, மன்னா,” என்றார் நரியார்.

“மதகு?”

“நானூற்றெட்டாவது வரியில் இருக்கிறது,” என்றான் செதிலப்பன். குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே வியப்பாக இருந்தது.

அந்த அவையிலேயே அவனுக்கு ‘மெய்யுரை மாமணி’ என்னும் பட்டம் சூட்டப்பட்டது. கிளி அதற்கும் ஒரு பாட்டுப் பாடியது. அன்றுமுதல் மதகு யாரையும் வாழ்த்தாமல் நாள்தோறும் உரிய வேளையில் திறந்தது. கீழ்க்காட்டில் எறும்புகள் மீண்டும் நாக்கில் ஒட்டின. அதற்குப்பின் அரசரின் ஆட்சியில் நீருக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை என்று எல்லோரும் மெய்யாகவே சொன்னார்கள்.

நீதி: பொய் சொல்லியே தீரவேண்டுமென்றால் மதகிடம் சொல்லாதே, பட்டியலில் எழுது. மதகு அதை நம்பி நடக்கும். மன்னர் அதைப் படிக்க மட்டுமே செய்வார்.