திண்டிவனத்துக்கு இறக்குமதியான இலையுதிர்காலம்

உலக வரலாற்றில் ஒரு பருவகாலத்தையே அலுவலக உத்தரவு மூலம் இறக்குமதி செய்த பெருமை திண்டிவனத்துக்கு மட்டுமே உண்டு. 1985இல் அது நடந்தது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவை. ஆகவே இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தின் பெயர் 'கடல் - மலைப் பயண மேம்பாட்டுச் சிறப்புப் பிரிவு'. தலைமையிடம் விழுப்புரம், நாங்கள் திண்டிவனம் கிளை. ஓர் அதிகாரி, தலைமை எழுத்தர் வேங்கடேசன், ஜீப் ஓட்டும் பெரியதம்பி, எழுத்து வேலைக்கு நான், ஒரு ஜீப். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். மேம்பாடு மட்டும் வர வேண்டியிருந்தது.

அதிகாரி விருத்தாசலம் அவர்கள் மூன்று வாரம் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். அங்கே அவரைக் காரில் உட்கார வைத்து, முதலில் கடலோர ஊர்களையும் பிறகு மலைக் கிராமங்களையும் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்று இலை உதிர்த்தனவாம். நூற்றிருபது கலர் ஸ்லைடுகளோடு திரும்பினார். அலுவலகச் சுவரில் வேட்டியைக் கட்டி அத்தனையும் எங்களுக்குக் காட்டினார். எண்பதில் அவர் மட்டும் நின்றார். மீதி நாற்பதில் ஒரு மரத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

விளக்கைப் போட்டதும் அறிவித்தார்.

"இதே மாதிரி ஒரு பயணத்தை நாம நடத்தப் போறோம். விழுப்புரத்துல கிளம்பி, திண்டிவனம் வழியா மரக்காணம் கடற்கரை. திரும்பி செஞ்சி. அங்கிருந்து கல்வராயன் மலை. சென்னையிலேருந்து பெரிய அதிகாரிங்க வர்றாங்க. சீசன் ஆட்டம். நம்ம கணக்குல ஐப்பசி."

பெரியதம்பி கெடார்க்காரர். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஆட்டம்னா கூத்துங்களா சார்? எங்க ஊர்ல நல்ல செட்டு ஒண்ணு இருக்குது. சொல்லிட்டு வரட்டுங்களா?"

"ஆட்டம்னா இலையுதிர்காலம்பா."

"ஐப்பசியில இலை எங்க சார் உதுருது? மழைதான் ஊத்திக்கினு கெடக்கும். வேப்ப மரம் உதுர்றது மாசி, பங்குனியில."

"நீ ஜீப்பைப் பாரு" என்றார் அதிகாரி. நிபுணர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் நான் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

முதல் திட்டக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. வேம்பின் இலையுதிர்வை நான்கு மாதம் முன்கூட்டி நடத்தித்தர இயலுமா என்று மரங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுதத் தீர்மானித்தோம். பத்தே நாளில் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' பருவகாலம் என்ற தடையை இவ்வளவு மரியாதையாக அணுகிய இரண்டு அலுவலகங்கள் வேறெங்கும் இருக்க முடியாது.

இரண்டாம் கூட்டத்தில் வேங்கடேசன் ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்தார்.

"சார், இலை உதிருதுன்னு கவர்மெண்ட் பேப்பர்ல எழுதலாமா? தேர்தல் நேரம். மேல இருக்கறவங்க வேற மாதிரி எடுத்துக்கினாங்கன்னா பேஜாருங்க."

அதிகாரியின் முகம் வெளுத்தது. அந்த நிமிடமே இலையுதிர்காலம் ஒழிக்கப்பட்டு, 'வண்ணக்காலம்' பிறந்தது. பழைய தாள்களை நானே கிழித்தேன்.

மூன்றாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பவுனு வந்தாள். மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழிக்கு அப்பால் உள்ள ஒரு குப்பத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து தடித்திருந்தது. கூடவே அவள் கணவனின் அண்ணன் அரசப்பன், குப்பத்துக்குப் பெரியவர், மனுவை நாலாக மடித்துக்கொண்டு நின்றார்.

"கழிமேல ஒரு பனைமரப் பாலம் கெடக்குதுங்க" என்றாள் பவுனு. "கூடைய தூக்கிக்கினு தெனமும் அதுமேலதான் போயாவணும். மரம் இத்துப் போச்சு. கால வெச்சா உள்ள எறங்குது."

"புதுசா ரெண்டு பனை வெட்டி வெச்சிருக்கோம்" என்றார் அரசப்பன். "நாங்களே போட்டுக்குவோம். தூக்கிப் போடறதுக்கு ஒரு வண்டி மட்டும் ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா போதும். மழைக்கு முன்னாடி ஜல்தியா முடிச்சிருவோம்."

அதிகாரி எழுந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஏழைகளின் துயரம் அவரைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"பழைய மரப்பாலமா? தண்ணி மேலயா? நான் போன நாட்டுல இதுக்குன்னே டிக்கெட் வாங்கிக்கினு போறாங்க வேங்கடேசன்."

அன்று மாலையே அந்தப் பாலம் 'காட்சி எண் மூன்று' ஆயிற்று. புதுப் பனை போட்டால் அதன் 'தொன்மை எழில்' கெடும் என்பதால், பயணம் முடியும்வரை பாலத்தில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று உத்தரவு தயாரானது. 'தொன்மை எழில்' என்ற சொல் என்னுடையது. அதிகாரி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, என் தோளில் தட்டினார். பதினொரு வருட ஊழியத்தில் என் தோள் தட்டப்பட்டது அப்போதுதான்.

உத்தரவை நானே குப்பத்துக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அரசப்பனுக்குப் புரியவில்லை.

"பனை எங்களுது. பாலமும் எங்க அப்பன் காலத்துல நாங்க போட்டது. இதுக்கு இன்னாத்துக்குங்க ஆர்டரு?"

"ஆர்டரை மதிச்சா சிமெண்டுப் பாலம் வரும். மீறினா குப்பத்துப் பேரே லிஸ்ட்லேருந்து போயிடும்" என்றேன். எந்த லிஸ்ட் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. முத்திரையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, வெட்டி வைத்த பனைகளின் மேல் ஓலையைப் போட்டு மூடினார்.

பயணத் தேதி மூன்று முறை மாறியது. முதலில் சென்னை அதிகாரிகளுக்கு ஜலதோஷம். பிறகு மதியச் சாப்பாடு செஞ்சியிலா திண்டிவனத்திலா என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. 'இலை எங்கே போடுவது' என்று வேங்கடேசன் கேட்க, 'இலைங்கிற வார்த்தையே கூடாதுன்னு சொன்னேன்ல' என்று அதிகாரி கோபிக்க, அரைநாள் போயிற்று. மூன்றாம் முறை மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் காலை பெரியதம்பி மரக்காணம் சாலையில் காட்சிப் பலகைகளை நட்டுக்கொண்டிருந்தார். மழையில் நடுவானேன் என்று கேட்டதற்கு, திட்டப்படி பலகை நடும் நாள் அதுதான் என்று பதில் சொல்லப்பட்டிருந்தது. அரசப்பன் முழுக்க நனைந்து ஓடி வந்து ஜீப்பின் முன்னால் நின்றார்.

பாலம் உடைந்திருந்தது. கூடையோடு விழுந்த பவுனுவின் வலது கால் இரண்டு பனைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. ஒரு மரத்தை நெம்பித் தூக்க ஆறு ஆண்கள் தேவைப்பட்டார்கள். அதுவரை அவள் கழுத்தளவு தண்ணீரில், உடையாத பாதிப் பாலத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

பெரியதம்பி யாரிடமும் கேட்கவில்லை. மிச்சப் பலகைகளைச் சாலையோரம் எறிந்தார். பவுனுவை ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தார். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை அரசப்பன் அவள் காலைத் தன் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம், "மெதுவாப் போய்க்கினு இருக்கேம்மா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று பெரியதம்பி பின்னால் திரும்பாமலே சொன்னாராம். அவள் ஒரு சத்தமும் போடவில்லை என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம்.

மறுநாள் பெரியதம்பிக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது. தொடக்க விழாவுக்கு முன்பே அலுவலக ஜீப்பில் பொதுமக்களை ஏற்றியது, பலகைகளைச் சேற்றில் எறிந்தது என இரண்டு குற்றங்கள்.

"அந்தம்மாவ அங்கியே போட்டுட்டு வந்திருக்கணுமா சார்?" என்று கேட்டார் பெரியதம்பி.

"எழுத்து மூலமா பதில் குடு" என்றார் அதிகாரி.

எழுத்து மூலம் பெரியதம்பி எதுவும் தரவில்லை. சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

கார்த்திகையில் விழுப்புரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னை அதிகாரிகள் வருவதற்கில்லை. இதுவரை எத்தனை பயணிகள் பயணம் செய்தனர் என்ற விவரம் உடனே தேவை. வேங்கடேசன்தான் மெதுவாகச் சொன்னார்.

"ஒருத்தி போயிருக்கா சார்."

அதிகாரியின் மேதைமையை அன்றைக்குக் கண்டேன். குறிப்பாணை ரத்தானது. பெரியதம்பியிடம் சாவி திரும்பத் தரப்பட்டது. கடற்கரைப் பகுதி நிறைவுற்றது, மலைப் பகுதி இரண்டாம் கட்டத்தில் என்று அறிக்கை எழுதப்பட்டது. 'முதல் பயணியின் கருத்துப் படிவம்' ஒன்றுதான் பாக்கி. மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பவுனு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை மாவுக்கட்டு. கால் இனி மடங்காது, கூடை தூக்கி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசப்பன் எங்களைக் கண்டதும் எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்டூலை அதிகாரிக்குத் தந்தார். அதிகாரி உட்கார்ந்து, கனிவாகக் கேட்டார்.

"ஜீப்புல வந்தது எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு. அந்த அண்ணன் மெதுவாத்தான் ஓட்டினாரு."

"ஏதாவது குறை?"

"குப்பத்துல அந்தக் காயிதத்த இன்னும் பெட்டியில வெச்சிருக்காங்க. ரொம்ப அழகா எழுதியிருக்குதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. அத எழுதினவரு யாருங்க? வேற ஒண்ணும் இல்ல. மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கறேன்."

அதிகாரி வேங்கடேசனைப் பார்த்தார். வேங்கடேசன் என்னைப் பார்த்தார். நான் குனிந்து படிவத்தைப் பார்த்தேன்.

'குறைகள்' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். பிறகு அவள் பெருவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, அதன் கீழே நானே அழுத்தினேன்.