விக்டோரியா அண்ணையின் பூ அகராதி

விக்டோரியா மகாராணி காலமான செய்தி உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் போய்ச் சேரவே இல்லை. அந்த ஆள் பாரிஸில், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், கொத்து ரொட்டி பரிமாறிக்கொண்டிருந்தார். யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று அவரது விசா கார்டுக்குத்தான் தெரியும். மெத்ரோ வாசலில் சோளம் சுடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் விக்டோரியா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, மெழுகு தடவிய மீசை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு ஓட்டலில் சர்வர். சர்வர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பட்லர் என்று சொல்ல வேண்டும். ஜூலை மாத வெயிலிலும் வெயிஸ்ட்கோட் போட்டிருப்பார், கையில் குடை இருக்கும். வெயிஸ்ட்கோட் பையில் சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்று உண்டு. அது ஓடாது. மணி கேட்டால் சங்கிலியை இழுத்து, கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மூடி உள்ளே வைத்துவிட்டு, செல்போனை எடுத்துப் பார்த்து மணி சொல்வார்.

நான் திருச்சியிலிருந்து ஆராய்ச்சி செய்யப் போனவன். ரூ பிலிப்-து-ஜிராரில் மூன்றாம் மாடியில், நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வீட்டில் எனக்கு ஒரு அறை. அடுத்த அறை அவருடையது. குடிபோன மறுநாள் காலை என் கதவுக்கடியில் ஒரு விசிட்டிங் கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கதவைத் திறந்தால் வெளியே அவரே நிற்கிறார்.

"என்னண்ணே, தட்டியிருக்கலாமே?"

"அறிமுகமில்லாத ஆளின்ரை கதவைத் தட்டுறது அநாகரிகம், தம்பி. கார்ட் விட்டிட்டுப் போகோணும். நாளைக்கு நீர் உம்மட கார்டை விடும். நாளையிண்டைக்கு நான் வந்து கதைப்பன்."

"நாம ஒரே வீட்லதானே இருக்கோம்?"

"அதுக்காக?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கார்டில் பெரிய சாஸ்திரமே இருந்தது. வலப்பக்க மேல் மூலையை மடித்தால் 'நேரில் வந்தேன்' என்று அர்த்தம். இடப்பக்க மேல் மூலை வாழ்த்து. வலப்பக்கக் கீழ் மூலை துக்கம். இடப்பக்கக் கீழ் மூலை 'போகிறேன், விடை கொடு'. ஒருநாள் காலையில் நான் பாத்ரூமில் அரை மணி நேரம் இருந்துவிட்டேன். கதவடியில் துக்க மூலை மடித்த கார்டு வந்து சேர்ந்தது.

இன்னொரு தடவை, விக்டோரியா காலத்தில் மேசைக் கால்களைக்கூட வெளியே தெரியவிட மாட்டார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். உண்மையோ பொய்யோ, அன்று மாலையே எங்கள் மேசை நாற்காலிகளெல்லாம் சாக்ஸ் போட்டுக்கொண்டு நின்றன. அதில் இரண்டு ஜோடி என்னுடையவை. நான் குதித்த குதியில் கட்டடம் ஆடியிருக்க வேண்டும். ஆனால் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்காக எங்களோடு முகம் கொடுத்துப் பேசாமலிருந்த கீழ்வீட்டு மதாம், அடுத்த வாரம் ஆப்பிள் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு என் சாக்ஸைத் திருப்பிக் கேட்க எனக்கே மனம் வரவில்லை.

அவரைக் கிண்டல் செய்து ஜெயித்தவர்கள் கிடையாது. ஒருநாள் ஓட்டலில் நான் செல்போனில் ஒரு துப்பறியும் சீரியல் பார்த்துக்கொண்டே பரோட்டா தின்றுகொண்டிருந்தேன்.

"உது ஆரின்ரை காலத்துச் சரக்கு தெரியுமோ?" என்று தட்டை வைத்துக்கொண்டே கேட்டார். "துப்பறியிற கதைக்கு ஊரே பைத்தியமாத் திரிஞ்சது மகாராணி காலத்தில. பேய்க்கதையும் அப்பிடித்தான். கிறிஸ்மஸுக்கு வைக்கிற நத்தார் மரம், வாழ்த்து மடல், எல்லாத்தையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அவைதான். இஞ்சை எங்கட ஆக்கள் ரிசெப்சனில வெள்ளைக் கவுனோட நிண்டு மூண்டு தட்டுக் கேக் வெட்டுகினமே, அவையின்ரை பூட்டியே வெட்டினவ? நிலத்துக்குக் கீழ முதல் ரயில் விட்டதும் அவைதான்."

"நம்ம ஊரு மெகா சீரியல்கூடவாண்ணே?"

"பின்னை? நல்ல இடமாப் பாத்து நிப்பாட்டி, 'மிச்சம் அடுத்த கிழமை' எண்டு சனத்தைத் தவிக்க விடுறதில அவை விண்ணர். நீரும் அந்தக் கால வாழ்க்கைதான் வாழுறீர் காணும். நான் ஒத்துக்கொள்ளுறன், நீர் ஒத்துக்கொள்ளேல்லை. அவ்வளவுதான்."

பரோட்டாவைத் தின்றேன்.

அந்த ஓட்டல் முதலாளியை அவர் மனைவி ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேருங்கோ, வெங்காயம் முடிஞ்சுது." "இஞ்சேருங்கோ, கறிக்கு உப்புப் பாருங்கோ." யாழ்ப்பாணத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் முறை அது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் விக்டோரியா அண்ணை கையில் சாம்பாரோடு அப்படியே நின்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சின் முகவரி ரூ பஜோலில் இருந்தது.

பிள்ளையார் கோயில் இருக்கும் அந்தத் தெருவில் வசந்தி அக்கா பூக்கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது, தனி ஆள். ஒரு காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு, பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு, தமிழில் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டு, கையால் மாலை கட்டுவார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் "எனக்கு எங்கை நேரம்?" என்ற ஒரே பதிலில் அனுப்பியவர்.

அண்ணையிடம் ஒரு புத்தகம் இருந்தது. சேன் நதிக்கரையில் பழைய புத்தகப் பெட்டிக்காரரிடம் வாங்கிய ஆங்கிலப் புத்தகம். ஒவ்வொரு பூவுக்கும் விக்டோரியா காலத்தில் என்ன அர்த்தம் என்று சொல்லும் அகராதி. வாயால் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் பூவால் சொல்வார்களாம். அண்ணையும் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த பூக்கடை ஒன்றே ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் வசந்தி அக்காவிடம் ஒரு பூவை வாங்கி, அதை வசந்தி அக்காவிடமே நீட்டினார்.

"என்னண்ணை, பிடிக்கேல்லையோ? வேற தரட்டோ?"

"இல்லையில்லை. நல்லாப் பிடிச்சிருக்கு. இது உங்களுக்கு."

"எனக்கோ? கடை முழுக்கப் பூத்தானே அண்ணை!" என்று சிரித்துக்கொண்டே அக்கா அதை வாளியில் போட்டுவிடுவார். பின்னால் நிற்கும் யாராவது ஒரு அம்மா அதை வாங்கிப் பிள்ளையாருக்குச் சாத்திவிடுவார். பத்து மாதமாக அண்ணையின் காதலையெல்லாம் பிள்ளையார்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

பூ திரும்பி வந்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. அந்த 'அண்ணை'தான் அவரைக் கொன்றது. அக்கா ஒவ்வொரு தடவை 'அண்ணை' என்னும்போதும் மீசையின் ஒரு முனை தொங்கிப்போகும்.

"நேரா சொல்லிடுங்களேண்ணே."

"உமக்கென்ன விசரோ? ஒரு கனவான் இதை வாயால சொல்லுவானோ?"

இது போதாதென்று வாட்ஸப் வேறு. அக்கா தினமும் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் காலை வணக்கம் போட்ட பூப்படம் அனுப்புவார். அண்ணை ஒவ்வொன்றையும் அகராதியில் தேடுவார். சிவப்பு ரோஜா வந்த அன்று நான் கேட்காமலே எனக்கு இரண்டு ஆம்லெட் வந்தது. மஞ்சள் ரோஜா வந்த அன்று மனுஷன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"'அன்பு குறைஞ்சு போச்சு' எண்டு போட்டிருக்குத் தம்பி."

"அண்ணே, இதே படம் எனக்கும் வந்திருக்குண்ணே."

"உமக்குமோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வாரம் என்னோடு பேச்சே இல்லை. நல்லது சொல்லப்போய் எனக்கு இது தேவையா?

ஆகஸ்டில் தேர்த் திருவிழா வந்தது. தெருவெல்லாம் செண்டுமல்லித் தோரணம். அகராதிப்படி செண்டுமல்லி என்றால் துக்கமாம். அண்ணை குடையை ஊன்றிக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நடந்தார். தேருக்கு நான்கு நாள் முன்னால் நானும் அவருமாகக் கடைக்குப் போனோம். வசந்தி அக்கா மாலை கட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"என்ரை தம்பி கனடாவில இருந்து ஒரே கரைச்சல், அண்ணை. கடையைக் குடுத்திட்டுத் தன்னோட வந்திருக்கட்டாம். தேர் முடியச் சொல்லுறன் எண்டிட்டன். நீங்கள் என்ன சொல்லுறியள்? போகட்டோ?"

சொல்லுமய்யா, சொல்லித்தொலையும் என்று மனதுக்குள் கத்தினேன். அண்ணை வாளிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு கடை வாசலில் படர்ந்திருந்த ஐவிக் கொடியில் ஒரு கிளையை ஒடித்து, குனிந்து வணங்கி, அக்காவிடம் நீட்டினார்.

அக்காவின் கை முதல் தடவையாக நின்றது. "இது விக்கிற சாமானில்லை. வாசலுக்கு விட்ட கொடி. ஏன் முறிச்சனீங்கள்?" கிளையை வாங்கிக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "நான் கேட்டது ஒரு சொல்லு, அண்ணை."

வீட்டுக்கு வந்த அண்ணை, ஐவி என்றால் பிரியாத பற்று என்று எனக்கு விளக்கினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி அவரையே நாலு போடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் அவர் அறைக்குள் நுழைந்தேன். கதவைத் தட்டவில்லை, கார்டும் விடவில்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு நேரே ரூ பஜோலுக்குப் போனேன். வசந்தி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கார்த்திகை மாசம் ஒரு நாள் வயலட் தந்தவர். அதுக்கு என்ன?"

தேடிப் பார்த்தேன். "உண்மையான அன்புன்னு போட்டிருக்குக்கா."

"தை மாசம் வெள்ளை லில்லி? பங்குனியில ஒரு டெய்சி?"

எந்த மாதம் எந்தப் பூ என்று ஒன்று விடாமல் அக்கா சொல்லிக்கொண்டே போனார். நான் பக்கம் புரட்டிக் களைத்துப்போனேன். வாளிக்குப் போன பூவையெல்லாம் மனுஷி மனதில் எழுதி வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மல்லிகைக்கு?"

"இந்திய மல்லிகைன்னு தனியா இருக்குக்கா. 'உன்னோடு என்னைப் பிணைத்துக்கொள்கிறேன்'."

அக்கா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். "புத்தகம் இஞ்சை நிக்கட்டும்" என்று சொல்லி வாங்கி, கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு, தேர் அன்று காலை, எனக்கு வழக்கமான ரோஜாப் படம் வந்தது. அண்ணைக்கு வேறு படம். அக்கா தன் உள்ளங்கையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துத் தானே எடுத்த போட்டோ. அடுத்த அறையில் பெட்டிகளை உருட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு என் கதவு படாரென்று திறந்தது. தட்டாமல்!

"தம்பி! என்ரை புத்தகம் எங்கை?"

"வசந்தி அக்கா கிட்ட இருக்குண்ணே."

அடுத்த நிமிடம் விக்டோரியா காலத்துக் கனவான் லுங்கியும் பனியனுமாகப் படியில் இறங்கி ஓடினார். தேங்காய்க் குவியல், காவடி, படம் எடுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரையும் "பார்தோன், பார்தோன்" என்று இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் நான் ஓடினேன்.

கடையில் ஒரே கூட்டம். "உந்த மல்லிகைக்கு என்ன அர்த்தம்?" என்று இரைக்க இரைக்கக் கேட்டார்.

"புத்தகத்தில இருக்கு. புத்தகம் என்னட்டை இருக்கு. முதல்ல நீங்கள் சொல்லுங்கோ. வாயால."

அவர் கை, கடிகாரச் சங்கிலியைத் தேடி வயிற்றில் தடவியது. வெயிஸ்ட்கோட் இருந்தால்தானே!

"கனடாவுக்குப் போகாதேங்கோ" என்றார். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"போகாதேங்கோ! என்னோட இருங்கோ!" என்று கத்தினார். மாலை வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வசந்தி அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கட்டிய மாலையை ஒரு அம்மாவிடம் கொடுத்தார். நிமிராமலே சொன்னார்:

"சரி. இஞ்சேருங்கோ, அந்த வாளியை இஞ்சால தூக்கி வையுங்கோ. சனம் நிக்குது."

அண்ணை வாளியைத் தூக்கினார். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். வாளித் தண்ணீர் லுங்கியில் கொட்டுவதுகூடத் தெரியாமல், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அப்படியே நின்றார். நானும் அழுதேன், சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்தில் மூன்று தட்டுக் கேக் இருந்தது. அவர் அறையைக் காலி செய்து ரூ பஜோலுக்குக் குடிபோன அன்று நான் ஆய்வகத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது கதவுக்கடியில் ஒரு கார்டு கிடந்தது. விடைபெறும் மூலைதான் மடிந்திருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை, 'நேரில் வந்தேன்' மூலை. அதற்குப் பிறகு நான்கு வீடு மாறிவிட்டேன். அந்த மடிப்பு நிமிர்ந்துவிடக் கூடாதென்று இன்னும் ஒரு புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.