மேகப் பயணத்துக்கு ஒரு கண்டனம்

ஊருக்கு வெளியே இருந்த கேளிக்கைப் பூங்கா கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. பெயர், பூங்காவின் நெடுங்கால ரசிகர் சங்கம். உறுப்பினர்கள் எல்லோரும் வருடச் சீட்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், பாப்கார்ன் கடைக்கு முன்னால் இருக்கும் வட்ட மேசையைப் பிடித்து, இனிமேல் இந்தப் பக்கம் மனுஷன் தலைவைத்துப் படுப்பானா என்று சாயங்காலம் வரை பேசிவிட்டு வீடு திரும்புவார்கள். அடுத்த ஞாயிறும் தவறாமல் வருவார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். வாரம் முழுக்க அடுத்தவர் இருமலைக் கேட்பவர். ஞாயிறன்றாவது தன் குறையைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தலைவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். எங்கே உட்கார்ந்தாலும் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் அவர் பிரேக் அண்ணன். அடுத்தவர் தையல் அக்கா. கடையில் இருக்கும்போது வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் பேச முடியாது. அந்தப் பாக்கியை ஞாயிறன்று தீர்த்துக்கொள்வார்.

சங்கத்தின் ஆறாத துயரம் பேய் ரயில். அந்தக் காலத்தில் பூங்காவின் நடுவில் ஓடியது. இருட்டுக் குகைக்குள் போய்ப் பாதியில் நின்றுவிடும். தலைக்கு மேல் ஒரு வௌவால் தொங்கும். அதைக் கட்டியிருக்கும் கயிறும் தெரியும். ஓர் எலும்புக்கூட்டுக்கு ஒரு கை கிடையாது. வண்டி நின்றதும் பொறுப்பாளர் டார்ச் விளக்கோடு வந்து, ஏதோ பயணிகள்தான் வண்டியைக் கெடுத்தது போலத் திட்டிக்கொண்டே பின்னால் இருந்து தள்ளுவார். அந்த ரயிலை எடுத்துவிட்டு நிர்வாகம் அங்கே மேகப் பயணம் என்று ஒன்றைக் கட்டிவிட்டது.

"மேகமாம். மேகத்தைப் பாக்கணும்னா மொட்டை மாடிக்குப் போனா போதாதா?" என்றார் பிரேக் அண்ணன்.

"அதுல ஏறினவங்க யாராவது கத்தினாங்களா? சிரிச்சுக்கிட்டே இறங்குறாங்க. வெக்கக்கேடு" என்றார் தையல் அக்கா.

அதில் ஏறிப் பார்ப்பதே அதை அங்கீகரிப்பதாகும் என்பதால், உறுப்பினர் எவரும் மேகப் பயணத்தில் கால் வைக்கலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தின் வாசகம் மருந்துக்கடைக்காரருடையது. 'மேகமென்னும் மாயையை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்ற வரியைப் பிரேக் அண்ணன் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கண்டித்த சூடு ஆறுவதற்குள் மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு புதன்கிழமை கிளம்பி நின்றாள்.

"நான் அந்த மேகத்துல ஏறப் போறேன். கூட வர்றீங்களா, இல்ல பக்கத்து வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நான் செயலாளர்."

"சங்கத்துக்குத்தானே. எனக்கு வீட்டுக்காரர். வாங்க."

தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டு, கடையிலிருந்து ஒரு முகக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு அவர் போனார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது, மூடிய கண்ணோடு இறங்கிவிடுவது என்பது திட்டம். நாற்காலி மேலே எழும்பியது. கால்கள் அந்தரத்தில் தொங்கின. எங்கிருந்தோ குளிர்காற்று வந்து சட்டைக்குள் புகுந்தது. முதல் வளைவில் ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்த வளைவு தாண்டியதும் மண்ணில் மழை விழுந்த வாசனை வந்தது. முகக்கவசத்தை அவரே கழற்றிவிட்டார். யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. தான்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இப்படிச் சிரிப்பீங்கன்னே மறந்துபோச்சு" என்றாள் மனைவி, இறங்கும்போது.

அதன் பிறகு மருந்துக்கடை அவ்வப்போது மதியத்தில் பூட்டிக் கிடந்தது. தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் தலைவலியோடு திரும்பிப் போனார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் மேகப் பயணத்தை முன்னைவிடக் காட்டமாகத் திட்டினார். அதில் அந்தக் குளிர்காற்றைப் பற்றிய பகுதி அவ்வளவு துல்லியமாக இருந்ததே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கத்தியது வீண்போகவில்லை. பூங்காவின் அனுபவ மேம்பாட்டு அலுவலர் மூவரையும் பேச அழைத்தார். கழுத்தில் அடையாள அட்டையும் காலில் வெள்ளை ஷூவும் அணிந்த இளைஞர். அவருடைய அறையில் நாற்காலி, மேசை எதுவும் இல்லை. படிநிலை வேற்றுமையை நிர்வாகம் ஒழித்துவிட்டிருந்ததால் மூட்டை மூட்டையாக மெத்தைகள் தரையில் கிடந்தன. பிரேக் அண்ணன் உட்கார்ந்தபோது இடுப்பு வரை உள்ளே போய்விட்டார்.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது சார்" என்றார் அலுவலர்.

"வலியெல்லாம் இல்ல தம்பி. எந்திரிக்கும்போதுதான் தெரியும்."

"பேய் ரயில்ல உங்க மனசைத் தொட்டது எது?"

"அது நிக்கும்" என்றார் தையல் அக்கா.

"ஸ்டேஷன்லயா?"

"அங்க எதுக்கு நிக்கணும்? பாதியில நிக்கும். கெட்டுப் போய் நிக்கும்."

அலுவலரின் முகம் மலர்ந்தது. "பழுது. அதை ஓர் அனுபவமா யாருமே இதுவரைக்கும் யோசிக்கல மேடம். அப்படியே திரும்பக் கொண்டு வந்துடலாம். பழைய இடத்துலயே. மேகப் பயணத்தை எடுத்துடுவோம்."

மருந்துக்கடைக்காரர் மெத்தைக்குள் நெளிந்தார். "எடுக்கணும்னு இல்லையே. அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

பிரேக் அண்ணனின் கால் அழுத்தமாக மிதித்தது. "என்ன சொல்றீங்க?"

"மக்கள்... புதுசா வர்றவங்களும் இருக்காங்களேன்னு..."

"செயலாளருக்கு உடம்பு சரியில்ல" என்று அலுவலரிடம் சொன்னார் பிரேக் அண்ணன். "மேகத்தை எடுக்கச் சொல்றவங்க கை தூக்கலாம்."

தூக்கினார்கள். தையல் அக்காவின் கை மெதுவாகத்தான் எழுந்தது. மருந்துக்கடைக்காரரின் கை எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஆனாலும் எழுந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டதற்கு, "ஜெயிச்சுட்டோம்" என்றார்.

மேகப் பயணத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரிகளில் ஏற்றினார்கள். புதுப் பெட்டிகள் வந்திறங்கின. அவை பளபளவென்று இருந்ததால் துரு தீட்டுவதற்கு ஒரு நிபுணரைக் கடல் தாண்டி வரவழைத்தார்கள். எலும்புக்கூட்டிலிருந்து எந்தக் கையை எடுப்பது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைந்தது. டார்ச் விளக்குப் பொறுப்பாளருக்கு 'சிடுசிடுப்பு உதவியாளர்' என்று பதவிப் பெயர் கொடுத்து, முகம் சுளிக்க முறையாகப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

திறப்பு விழாவன்று முதல் பெட்டியில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரயில் கிளம்பி இருட்டுக்குள் போனது. கொஞ்ச தூரத்தில் ஒலிபெருக்கியில் தேன் வடியும் குரல் ஒன்று கேட்டது.

"அன்பான விருந்தினர்களே, நமது ரயில் இன்னும் சற்று நேரத்தில் எதிர்பாராத விதமாக நிற்கும். தயவுசெய்து திடுக்கிடத் தயாராக இருங்கள்."

நின்றது. சிடுசிடுப்பு உதவியாளர் வந்தார். "மூஞ்சியப் பாரு" என்று திட்டிவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், இது அனுபவத்தோட ஒரு பகுதி" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திட்டப் போனார்.

"இதுதான்" என்றார் பிரேக் அண்ணன். "இதுக்குத்தான் இத்தனை நாள் பாடுபட்டோம்."

வௌவால் ஒரு சுற்றுச் சுற்றியது.

"புழுக்கமா இருக்கு" என்றார் தையல் அக்கா.

"அப்பவும் புழுக்கம்தானே அக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமா. அதுலதான் நல்லாக் காத்து வரும்."

"எதுல?"

தையல் அக்கா வாய்க்குள் குண்டூசி இருப்பது போல உதட்டை மூடிக்கொண்டார். இருட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தைரியம் கொடுத்தது.

"முதல் வளைவுல மழை வாசனை வருமே, அதுலயா?"

"முதல் வளைவுல எங்க வருது?" என்றார் பிரேக் அண்ணன். "ரெண்டாவது தாண்டினாத்தான் வரும்."

வண்டி நின்றிருந்தது. அவருடைய கால் மட்டும் வேகமாக மிதித்தது.

"அண்ணே, நீங்களுமா?"

"எதிர்க்கிறோம்னா என்ன ஏதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல. ஆராய்ச்சிக்குப் போனேன்."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவை போனா அது ஆராய்ச்சியா தம்பி?" பிரேக் அண்ணனின் குரல் கம்மியது. "சரி. அதை எடுத்துட்டாங்களே, இனி என்ன பண்றது?"

சிடுசிடுப்பு உதவியாளர் மறுபடி வந்து, பணிவாகத் தள்ளி விட்டார்.

மறுநாள் மூவரும் மறுபடியும் அந்த மெத்தைகளுக்குள் அமிழ்ந்திருந்தார்கள். மேகப் பயணம் பூங்காவின் அரிய பாரம்பரியம், அதை இழந்தது ஈடுசெய்ய முடியாத நஷ்டம் என்று மருந்துக்கடைக்காரர் எடுத்துரைத்தார். குரல் தழுதழுத்தது, இந்த முறை நிஜமாகவே.

அலுவலர் கோபப்படவில்லை. மடிக்கணினியைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினார்.

"திரும்பக் கட்டலாம் சார். ஆனா ஒண்ணு. நீங்க தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி அது ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. போட்ட வாரத்துலேருந்துதான் கூட்டம். ஜனங்க ஏறினது மேகத்துல இல்ல, உங்க கண்டனத்துல. நீங்க புகழ்ந்து பேசினா யாரும் வர மாட்டாங்க. நீங்களே வருவீங்களான்னு சந்தேகம்தான்."

மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். பிரேக் அண்ணன் தலையாட்டினார்.

"அதனால முதல்ல கண்டனம், அப்புறம் கட்டடம். முன்னவிடக் கொஞ்சம் பலமா இருந்தா நல்லது. எங்க விளம்பரப் பிரிவுலேருந்து ஆள் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "எங்களுக்கே திட்டத் தெரியும்."

மேகப் பயணம் மீண்டும் வருவதை உயிருள்ளவரை எதிர்ப்போம், உறுப்பினர் எவரும் அந்தத் திசையில் திரும்பியும் பார்க்கலாகாது என்று தீர்மானம் போட்டார்கள். சங்கத்தில் சேர ஊரே முண்டியடித்தது. வட்ட மேசை போதாமல், கடைசியில் பாப்கார்ன் கடையையே அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

மேகப் பயணம் மறுபடி திறந்த அன்று வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. நின்றவர்கள் அத்தனை பேரும் சங்க உறுப்பினர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எல்லோரும் தங்கள் செருப்பையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் அண்ணனின் கால் தூரத்தில் மிதித்துக்கொண்டிருந்ததை மருந்துக்கடைக்காரர் பார்த்தும் பார்க்காதவராக நின்றார். தனக்கு முன்னால், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற பெண்ணின் தோளைத் தொட்டார்.

"நீ எதுக்கு மூடிக்கிட்டு நிக்கிற? நீதான் சங்கத்துலயே இல்லையே."

"போன வாரம் சேர்ந்துட்டேன்" என்றாள் மனைவி. "எதிர்க்காம ஏறினா அவ்வளவு நல்லா இருக்காதாம்."